தண்ணீர் வந்த தேதி

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி கதவு தூக்கினால் மூன்றாம் நாள் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். அங்கே பூப்போட்டு, நெல் தூவி, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். வெண்ணாற்றில் இறங்கியது நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பிரியும். அப்புறம் பாமணியாறு, கோரையாறு என்று போய், இன்னும் சின்னச் சின்ன ஆறுகளாகக் கிளைத்து, திருத்துறைப்பூண்டிப் பக்கத்து எங்கள் வாய்க்காலை எட்டும்போது ஆனி பாதி கழிந்திருக்கும். அப்பாயிக்கு இங்கிலீஷ் மாசம் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஜூன் பன்னெண்டு தெரியும். "ஜூன் பன்னெண்டுக்குத் தொறந்துட்டானா?" என்று தெருவில் போகிற ஆளைக் கூப்பிட்டுக் கேட்பாள்.

உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது யாராவது சைக்கிளில் எதிரே வந்து, "தலைப்புல தண்ணி தெரியுதுடா" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு எல்லோரும் வாய்க்காலுக்கு ஓடுவோம். இதோ, மேற்கே இலுப்பை மரத்தடியில் ஒரு பழுப்புக் கோடு தெரிகிறது. முதலில் வருவது தண்ணீரே இல்லை. சருகு, தென்னம்பாளை, எருமுட்டைத் துண்டு, நுரை, நுரைமேல் கூட்டமாக உட்கார்ந்து வருகிற எறும்பு. அதற்குப் பின்னால்தான் தண்ணீர் தலை நீட்டும். வெடித்துக் கிடக்கிற களிமண்ணில் ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் இறங்கி, அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும். வெடிப்புக்குள்ளிருந்து கொப்புளம் கொப்புளமாகக் காற்று கிளம்பும். அந்தச் சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. வளையிலிருந்து நண்டு வெளியே வரும், நண்டுக்குப் பின்னால் கொக்கு வரும். ஆள் நடக்கிற வேகம்தான். அதனால் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊர்வரைக்கும் கூட்டி வரலாம். நீங்களும் நடந்திருக்கிறீர்கள்.

அந்த வாசனையை எப்படிச் சொல்ல? மழை விழுந்த மண்ணின் வாசனை வேறு. இது நாலு மாசம் காய்ந்து கிடந்த வாய்க்காலின் அடிமண், பழைய வைக்கோல், ஆட்டுப்புழுக்கை எல்லாம் ஒன்றாக நனைகிற வாசனை. கொஞ்சம் புளிப்பாக, நெஞ்சை நிறைக்கிற மாதிரி இருக்கும். பெண்கள் கரையில் சூடம் ஏற்றுவார்கள். அப்பாயி முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலணாவை அவிழ்த்துத் தண்ணீரில் போடுவாள். காலணா செல்லாமல் போன காலத்திலும் அதைத்தான் போட்டாள்.

தண்ணீர் வருவதற்கு முன்னால் வேலை இருக்கும். சித்திரை கடைசியில் தப்படித்துச் சொல்வார்கள், மறுநாள் வாய்க்கால் வெட்டு என்று. வீட்டுக்கு எத்தனை மா நிலமோ அதற்கு ஏற்றபடி ஆள் வரவேண்டும். வராத வீட்டுக்கு அபராதம். குடிமராமத்து என்று புத்தகத்தில் எழுதுவார்கள். எங்கள் ஊரில் 'ஊர்வெட்டு' என்றுதான் பேச்சு. நீராகாரமும் சின்ன வெங்காயமும் கரைக்கு வந்து சேரும். கோரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வேரோடு பிடுங்கிக் கரையில் குவிப்பார்கள். அதைக் கொளுத்துகிற புகை இரண்டு மூன்று நாள் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் குறைந்த வருஷங்கள் அப்போதும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மேட்டூர் ஆடியில் திறந்த வருஷம், திறந்தும் பாதியில் மூடிய வருஷம் எல்லாம் அப்பா வாயால் கேட்டிருக்கிறேன், நானும் பார்த்திருக்கிறேன். அந்த வருஷங்களில்தான் முறை நோட்டு வெளியே வரும். தண்ணி கட்டுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. நிலம் இல்லாதவரைத்தான் அந்த வேலைக்கு வைப்பார்கள், யார் வயலுக்கும் சாயமாட்டார் என்று. களத்துமேட்டில் வீட்டுக்கு இவ்வளவு மரக்கால் என்று நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். காலிகோ அட்டை போட்ட அந்த நோட்டில் இன்னார், இத்தனை மா, இத்தனை நாழி என்று எழுதியிருக்கும். தண்ணீர் கால்வாசி குறைந்தால் எல்லோருடைய நாழியிலும் கால்வாசி குறைப்பார்கள். பெரிய பண்ணைக்கும் அதே கழிவு, நாலு மா வைத்திருக்கிற விதவைக்கும் அதே கழிவு. முதல் முறை எப்போதும் கடைசி வயலுக்கு. மேலே இருக்கிறவன் காத்திருக்கட்டும், அவன் கண்ணெதிரே தண்ணீர் போகிறது, அவனுக்குப் பயம் இல்லை என்று பெரியவர் சொல்வார்.

ராத்திரி முறையைப் பார்க்க அப்பாவோடு போவேன். மதகுக் கட்டையில் அரிக்கேன் விளக்கு, அதற்குப் பக்கத்தில் ஒரு டைம்பீஸ். தவளைச் சத்தத்துக்கு நடுவில் அதன் முள் நகர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முறை முடிந்ததும் பெரியவர் மண்வெட்டியால் இரண்டு கொத்து சேறு எடுத்து ஒரு மடையை அடைத்துவிட்டு அடுத்ததைத் திறப்பார். வயல்காரன் இன்னும் அஞ்சு நிமிஷம் என்று கெஞ்சுவான். அவர் பதில் சொல்லாமல் டைம்பீஸைத் திருப்பி அவனுக்குக் காட்டுவார். அவ்வளவுதான், அவன் போய்ப் படுத்துவிடுவான். அதற்கு மேல் பேச்சு வளர்ந்து நான் பார்க்கவில்லை.

எங்களுக்கு மேலே தலைமடையில் இருந்த ஊர் எங்களுக்குச் சம்மந்தி ஊர். இரண்டு ஊரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டவை. தண்ணீர் இறங்கவில்லை என்றால் நாலு பேர் கிளம்பிப் போவார்கள். "வாங்க மாமா, வாங்க மச்சான்" என்று பாய் விரித்து, காப்பி கொடுத்து, அப்புறம்தான் தண்ணீர்ப் பேச்சை எடுப்பார்கள். தன் தங்கை வாழப்போன ஊரின் பயிரைக் காயவிட எந்த அண்ணனுக்கு மனசு வரும்?

ஆடிப் பதினெட்டை எப்படி விட்டுவிட முடியும்? காப்பரிசி ஊறுகிற வாசம், வெல்லமும் எள்ளும் தேங்காய்ப் பல்லும் கலந்து. ஆற்றுமணலைப் பிடித்து வைத்து, காதோலை கருகமணி சாத்தி, மஞ்சள் நூலைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் பத்திரப்படுத்திய மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். எங்களுக்குச் சப்பரம். தகர டப்பாவில் சக்கரம் வைத்து, உள்ளே சாமிப் படம், மேலே காகிதப் பூ. கரைமேல் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிற கடகட சத்தத்தில் பெரியவர்கள் பேசுவது எதுவும் காதில் விழாது. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் எங்கள் படித்துறையில் ஆடிப் பதினெட்டுக்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் எடுத்துவந்து, மணலில் குழி பறித்து ஊற்றிக் கும்பிட்ட வருஷங்கள் உண்டு. குழந்தைகள் அப்போதும் சப்பரம் இழுக்கின்றன. தண்ணீர் ஓடாத ஆற்றங்கரையில் அந்தக் கடகட சத்தம் அதிகமாகக் கேட்கிறது.

பங்குனிக் கடைசியில் கிடை வரும். ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டுமந்தையோடு கிளம்பி, புதுக்கோட்டை தாண்டி, தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் இறங்குவார்கள். இருட்டும் நேரத்தில் வடக்கே புழுதி எழும்பும், அப்புறம் மணிச்சத்தம், அப்புறம் ஆட்டு மொச்சை. தலையில் பொட்டியைச் சுமந்துகொண்டு கீதாரியின் சம்சாரம் வருவாள். தை அறுப்பு முடிந்து, தாளடியில் தூவிய உளுந்தும் பயறும் எடுத்து, வயல் காலியாகக் கிடக்கும் நேரம் அது. ராத்திரிக்கு ராத்திரி வயல் மாற்றிக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த மண்ணுக்கு அந்த வருஷம் வேறு உரமே வேண்டாம். கூலியாக நெல்லும் பணமும் கொடுப்போம். அப்பாவும் அந்தக் கீதாரியும் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி இரண்டு சீமை மழையையும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு எழுத்து கிடையாது, தேதிதான் சாட்சி. ஜூனில் தண்ணீர், தையில் அறுப்பு, பங்குனியில் உளுந்து எடுப்பு, அப்புறம் கிடை. 2012-இல் மேட்டூர் செப்டம்பர் 17-இல் திறந்தது. 2016-இல் செப்டம்பர் 20. 2017-இல் அக்டோபர் 2. திறப்பு அங்கே தள்ளிப்போனால் நடவு தள்ளிப்போகும், அறுப்பு தள்ளிப்போகும், உளுந்து சித்திரை வரைக்கும் வயலில் நிற்கும். கீதாரிக்கு அது எப்படித் தெரியும்? அவன் சீமையில் புல் தீர்ந்ததும் அவன் கிளம்பிவிட்டான். ஆடு பசியோடு வந்து நிற்கிறது, எதிரே பச்சை உளுந்து. நாலு குட்டி வரப்பைத் தாண்டி மேய்ந்ததற்கு, அப்பாவோடு வெற்றிலை போட்ட அந்த மனுஷரின் மகனை, எங்கள் ஊர்ப் பையன்கள் கட்டி வைத்து அடித்தார்கள். போலீஸ் வந்தது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் கிடை போட வரவில்லை. மாலியிலும் நைஜீரியாவிலும் மேய்ப்பவர்களுக்கும் பயிர் வைப்பவர்களுக்கும் நடக்கிற கொலைகளைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்த உளுந்து வயல்தான் கண்ணில் வரும். அங்கே துப்பாக்கி இருக்கிறது, இங்கே கம்பு இருந்தது.

பெங்களூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தி, ஸ்ரீராமபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பாவுக்கு அங்கே மில்லில் வேலை. கோடை விடுமுறைக்கு வரும்போது ஊதுபத்தியும் ராகிமாவும் கொண்டுவருவாள். அவள் பிள்ளைகள் தங்களுக்குள் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொள்வதை நாங்கள் வாய் பிளந்து பார்ப்போம். ஒரு ஆடி மாசம் சித்தியோடு அவள் வீட்டுக்காரம்மாவும் வந்தார். மண்டியாப் பக்கத்து அம்மா. கண்ணம்பாடி அணையிலிருந்து வரும் கால்வாயில் அவர் அப்பாவுக்குக் கரும்பும் நெல்லும் இருந்தன. பருப்புப் போளி செய்து டப்பாவில் கொண்டுவந்திருந்தார். அப்பாயிக்கும் அவருக்கும் பொது பாஷை ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் நாற்றங்கால் கரையில் உட்கார்ந்து, நாற்று முடி கட்டுவது எப்படி என்று கையாலேயே பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு முடி கட்டினார், அப்பாயி ஒரு முடி கட்டினாள். அங்கே வைக்கோல் பிரியை இடப்பக்கம் முறுக்குவார்களாம். பதினெட்டாம் பெருக்கு அன்று அவர் எங்கள் படித்துறையில் இறங்கி, கன்னடத்தில் என்னவோ சொல்லிப் பூ விட்டார். எங்கள் ஊரைத் தாண்டி வருகிற தண்ணீர்தானே இது என்று சித்தியிடம் சொன்னாராம்.

தண்ணீரைப் பங்கிடக் காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூனில் அமைந்தது. 1991 ஜூன் 25-இல் இடைக்கால உத்தரவு வந்தது. வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு விடவேண்டும் என்றார்கள். கர்நாடகம் மறுத்து அவசரச் சட்டம் போட்டது, சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. டிசம்பர் 11-இல் உத்தரவு அரசிதழில் வெளியானது. மறுநாளே பெங்களூரில் தமிழர் தெருக்களில் தீ வைத்தார்கள். உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிடைத்த பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி இங்கே வந்தன. சித்தியையும் பிள்ளைகளையும் அந்த மண்டியா அம்மா தன் வீட்டு உள்ளறையில் வைத்துப் பூட்டி, வாசலில் கோலத்தை அழித்துவிட்டுத் தானே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தேடி வந்தவர்களிடம் கன்னடத்திலேயே ஏசி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் ஒரு துணிப்பையோடு சித்தி எங்கள் வாசலில் இறங்கினாள். ராகிமாவு வாசம் இல்லாமல் சித்தி ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவையாகவே கன்னடம் பேசுவதை நிறுத்திக்கொண்டன. ஒரு மாசம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து இன்லண்ட் கடிதம் வந்தது. கன்னடத்தில் எழுதியிருந்தார். சித்தியின் மூத்த பையனிடம் படிக்கக் கொடுத்தோம். தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இதில் இன்றுவரைக்கும் என்னை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த வருஷம் காவிரி வறண்டுவிடவில்லை. மழை போதுமான அளவு பெய்தது, மேட்டூருக்குத் தண்ணீரும் வந்தது. அப்படியானால் எரிந்தது எதனால்? அதற்கு முந்தைய காய்ந்த வருஷங்களின் பயம் இரண்டு பக்கமும் சேர்ந்து கிடந்தது. மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு யாரிடமும் ஒப்புக்கொண்ட பதில் இல்லை. 205 என்ற எண் மட்டும் இருந்தது. மண்டியாக்காரனுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் தன் கரும்பு காய்வது தெரிந்தது. நமக்கு அதைக் கேட்டதும் சம்பா விளைவது தெரிந்தது. இந்தப் பயத்தை ஓட்டாக மாற்றத் தெரிந்தவர்கள் இரண்டு தலைநகரிலும் இருந்தார்கள்.

வானம் என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தது அப்புறம்தான். காவிரிக்குத் தண்ணீர் கொடுப்பது குடகும் வயநாடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் அங்கே தென்மேற்குப் பருவமழை பெய்ய வேண்டும். ஹாரங்கி, ஹேமாவதி, கபினி, கண்ணம்பாடி என்று மேலே இருக்கிற அணைகள் நிறைந்துதான் மேட்டூருக்கு மிச்சம் வரும். பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ வருஷங்களில் இந்த மழை பலதடவை தடுமாறியிருக்கிறது. 2002-இல் அப்படித்தான், நாடு முழுக்கவே வறட்சி. 2023-இலும் அப்படித்தான். 2016 விசித்திரமான வருஷம். நாட்டு மொத்தத்துக்கு மழை ஏறக்குறையச் சராசரி, குடகிலோ பொய்த்தது. அதோடு விடவில்லை, நமக்கென்று இருக்கிற வடகிழக்குப் பருவமழையும் அந்த வருஷம் சராசரியில் பாதிகூடப் பெய்யவில்லை. மேலே இருக்கிறவனுக்கும் இல்லை, கீழே இருக்கிறவனுக்கும் இல்லை.

அந்தச் செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தினமும் விநாடிக்கு 15,000 கன அடி விடச் சொன்னது. பிறகு 12,000 என்று குறைத்தது. செப்டம்பர் 12-இல் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள பஸ்களும் லாரிகளும் வரிசையாக எரிந்தன. அதே நாளில் சென்னையில் ஓர் ஓட்டலில் பெட்ரோல் குண்டு விழுந்தது. ராமேஸ்வரத்துக்குத் தரிசனத்துக்கு வந்த கர்நாடகத்துக்காரர்களை நம் ஆட்கள் அடித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு அந்த மண்டியா அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்றிருக்கிறது. எரிந்த லாரியின் டிரைவருக்கும் கன அடிக்கும் என்ன சம்பந்தம்? குடகில் மேகம் திரளாததற்கும் ஒசூர் ரோட்டில் ஒரு கிளீனர் பையன் அடிபட்டதற்கும் நடுவில் எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள். அணையின் மட்டம், அரசாங்கத்தின் மறுப்பு, கோர்ட்டின் எண், டி.வி.யின் கூச்சல், வேலையில்லாத வாலிபர்களின் கும்பல். மழையைக் குற்றம் சொல்லிவிட்டு நடுவில் இருக்கிறவர்களை விட்டுவிட்டால் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

ஊருக்குள் நடந்தது பத்திரிகையில் வரவில்லை. மேட்டூர்த் தேதி தடுமாறத் தடுமாற, பணம் இருந்தவர்கள் ஆழ்குழாய்க் கிணறு போட்டார்கள். முதலில் எண்பது அடி, அப்புறம் இன்னும் கீழே. கடல் பக்கம் என்பதால் சில இடங்களில் உப்பு ஏறிவிட்டது. மோட்டார் வைத்திருந்தவருக்கு முறை எதற்கு? தண்ணி கட்டுகிற பெரியவர் இறந்தபோது அந்த இடத்துக்கு வேறு ஆளை ஊர் நியமிக்கவில்லை. நோட்டு யார் வீட்டுப் பரணில் போனது என்று தெரியவில்லை. ஊர்வெட்டு நின்று, ஜே.சி.பி. வந்தது. பிறகு ஒரு வருஷம் நிஜமாகவே தண்ணீர் குறைந்து, எல்லோருக்கும் வாய்க்கால் வேண்டியிருந்தபோது, தலைமடை ஊர்க்காரர்கள் குறுக்கே மண்மூட்டை அடுக்கினார்கள். எங்கள் ஆட்கள் ராத்திரி போய் அதை வெட்டிவிட்டார்கள். மண்வெட்டி மனுஷன்மேல் விழுந்தது. மாமன் மச்சான்கள் எதிரும் புதிருமாகக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். அதற்குப் பின்னால் இரண்டு ஊருக்கும் இடையில் கல்யாணம் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்த அத்தைகள் தீபாவளிச் சீருக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டார்கள்.

நிலம் இல்லாதவர்களுக்கு இந்தச் சண்டைகூட மிஞ்சவில்லை. நடவில்லை என்றால் நடவுப்பாட்டும் இல்லை, கூலியும் இல்லை. பனியன் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிற வேன் ஊருக்குள் வர ஆரம்பித்தது. நடவுக் கையில் எங்கள் தெருவிலேயே முதலாவதாகப் பேர் எடுத்த அக்கா திருப்பூரில் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தக் காலம் தேனும் பாலுமாக ஓடியது என்று நான் சொன்னால் அது பொய். அந்தக் காலத்தில்தான் இதே கீழத்தஞ்சையில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில் கூலி நெல் கூட்டிக் கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். மழையைக் காரணம் காட்ட முடியாத கொடுமை அது. எங்கள் முறை நோட்டில் பேர் எழுதப்பட்டவர்கள் எல்லோரும் நிலம் உள்ளவர்கள். வாய்க்கால் வெட்டிய கைகளில் பாதிக்கு அந்த நோட்டில் இடம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மழை தானாக யாரையும் அடிப்பதில்லை. ஊரில் ஏற்கெனவே எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே இறங்குகிறது, அந்த முதல் தண்ணீர் களிமண் வெடிப்பில் இறங்கியது போல.

பெங்களூர் எரிந்ததும் தஞ்சாவூர் காய்ந்ததும் மட்டும் கதை இல்லை. 2002 வறட்சியில் மூண்ட காவிரிச் சண்டைக்குப் பிறகு, சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் எஸ். ஜனகராஜன் முன்னின்று, 2003-இல் இரண்டு மாநில விவசாயிகளையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். 'காவிரிக் குடும்பம்' என்று பேர். மண்டியாக்காரர்கள் நம் கடைமடையை வந்து பார்த்தார்கள். நம் ஆட்கள் அங்கே போய் வறண்ட வயலைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பேச்சில் காரம் குறைந்தது. மழை குறைந்தால் எப்படிப் பங்கிடுவது என்று அவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அந்த மாதிரிக் கூட்டத்துக்கு ஆட்சியில் இருப்பவர்கள் உரிய மரியாதை கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்புச் சொன்னது. சுப்ரீம் கோர்ட் அதை 2018 பிப்ரவரியில் திருத்தி, எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டியதை 192-இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. காவிரி நீர் மேலாண்மை ஆணையமும் அந்த வருஷமே வந்தது. மழை குறைந்த வருஷத்தில் எல்லோருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்று தீர்ப்பில் இருக்கிறது. எங்கள் பெரியவரின் நோட்டில் இருந்ததும் அதுதான். ஆனால் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைம்பீஸும் இருந்தது. இந்த மாசம் இவ்வளவு மழை குறைந்திருக்கிறது, அதனால் இந்த வாரம் இவ்வளவு கழிவு என்று இரண்டு பக்கமும் வாய் மூடி ஒப்புக்கொள்கிற கணக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால்தான் 2023-இல் ஜூன் 12-இல் திறந்தும், ஆகஸ்டில் மறுபடி கோர்ட், செப்டம்பரில் பெங்களூரிலும் பிறகு கர்நாடகம் முழுக்கவும் பந்த், அக்டோபர் 10-இல் மேட்டூர் மூடல், குறுவை கருகல் என்று அதே பாதையில் போனோம்.

2018 ஜூலை ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளே உடைந்து போயின. கடலுக்குப் போன தண்ணீரை எல்லோரும் கரையில் நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். அந்த மாசங்களில் இரண்டு மாநிலத்திலும் காவிரி பற்றி யாரும் உண்ணாவிரதம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். பேச வேண்டியது அப்போதுதான். அணை நிறைந்திருக்கிற வருஷத்தில் யாருக்கும் பயம் இல்லை, தலைமடைக்காரன் காப்பி கொடுத்துப் பாய் விரிப்பான். பஞ்ச வருஷத்துக் கணக்கை அந்தப் பாயில் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தோடும் அப்படித்தான், பக்கத்து ஊரோடும் அப்படித்தான்.

உங்கள் ஊரில் முறைக் கணக்கு தெரிந்த பெரியவர் யாராவது இன்னும் இருந்தால், இந்த வருஷம் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்போதே போய்ப் பாருங்கள். யாருக்கு முதல் முறை, குறைந்தால் எவ்வளவு கழிவு, நிலமில்லாதவருக்கு என்ன பங்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தலைமடை ஊர்க்காரர்களையும் கூட அழைத்துப் போங்கள்.